வாசல் தராசு

அத்தியாயம் 6

"கையெழுத்து எங்க வெக்கணும்? அதச் செல்லுங்க, வெச்சிட்டுப் போறேன்" என்றாள் றுமைஸா.

விசாரணை உத்தியோகத்தர் கலாராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தன் கடையிலேயே விருந்தாளி மாதிரி கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ள இப்படி அவசரப்படுவதை அவள் இதுவரை கண்டதில்லை. பிடிபட்ட வியாபாரி முதலில் கத்துவான். பிறகு யாராவது அமைச்சரின் பெயரைச் சொல்வான். கடைசியில் பிளேன்டீ வரவழைப்பான். றுமைஸா இதில் ஒன்றையும் செய்யவில்லை.

நடந்தது இதுதான். வத்தேகமையில் றுமைஸாவின் கடையில் நிறை குறைகிறது என்று நுகர்வோர் காரியாலயத்துக்குத் தொலைபேசியில் ஒரு முறைப்பாடு வந்தது. நேற்றுக் காலை கலாராணி ஆட்களோடு வந்து பார்த்தாள். கடை வாசலில் தொங்கிய பழைய தட்டுத் தராசின் இரண்டு கிலோப் படிக்கல்லைத் திருப்பினால், அடியில் ஊற்றியிருக்க வேண்டிய ஈயத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். கல்லின் முதுகில் இரண்டு கிலோ என்று பொறித்திருந்தது. கல் அவ்வளவு கனக்கவில்லை. தராசுக்குச் சீல் வைத்தார்கள். திங்கட்கிழமை நீதவான் முன்னால் றுமைஸா குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதன் பிறகு பிரதேச சபை வியாபார அனுமதி கொடுக்காது. கடை போய்விடும். இதையெல்லாம் நேற்றே அவளுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

கலாராணிக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறை குறைந்த ஒரு சீனிப் பக்கெட்டைக் கண்டாலே அவளுக்குக் கோபம் பொங்கும். தண்டத்தைக் கட்டிவிட்டு மறுநாளே சிரித்த முகத்தோடு கடை திறக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோபம் எங்கேயோ வடிந்துபோயிற்று. இப்போது அவள் வேலைக்கு வருகிறாள், சீல் வைக்கிறாள், வீட்டுக்குப் போகிறாள். காரியாலயத்தில் இதை நிதானம் என்று பாராட்டினார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், உள்ளே மரத்துப்போயிருந்தது என்று.

அவளுடைய உதவியாளன் ஃபாஸில் வேறு மாதிரி. வாய் சும்மா இருந்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறவன்.

"மிஸ், இவ்வளவு நல்ல குற்றவாளி நமக்குக் கிடைச்சதே இல்ல. வருஷக் கடைசில ஒரு கேடயம் குடுக்கலாம்" என்றான் மெதுவாக.

கலாராணி சிரிக்கவில்லை. அவன் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அப்போது ஒரு முதியவர் தோளில் பையோடு வாசலில் ஏறினார். அழகமுத்து. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் நாலு கராம்பு மரம் வைத்திருக்கிறார். நேராக வாசல் தராசிடம் போனவர், சீலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னங்க இது, கட்டி வச்சிருக்கீங்க?"

"அந்தத் தராசு பாவிக்கேலாது ஐயா. பருப்பு, சீனி வேணும்னா உள்ளுக்கு வாங்கிக்குங்க" என்றாள் கலாராணி.

"பருப்பு எனக்கு எதுக்குங்க? நான் கராம்பு விக்க வந்தேன். பருப்பு நிறுக்கிறது உள்ள இருக்கிற கரண்டுத் தராசிலங்க. இது எங்க தராசு."

"உங்க தராசுன்னா?"

"நாங்க கொண்டார மொளகு, கராம்ப நிறுக்கிறதுங்க. ரெண்டு தட்டும் நேரா நிக்கிறத நாங்களே பாத்துக்குவோம். ரோட்டில போறவனும் பாப்பான். மத்தக் கடைல எல்லாம் உள்ள கூட்டிட்டுப் போயி, மொதலாளி பக்கம் திருப்பி வச்சிக்கிட்டு, அவரே ஒரு கணக்க வாசிப்பாரு. நாம தலையாட்டிட்டு வரணும்."

கலாராணி திரும்பி றுமைஸாவைப் பார்த்தாள். றுமைஸா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று வந்தவர்களில் ஒருவரும் அது எதை நிறுக்கிற தராசு என்று கேட்கவில்லை. தராசு வாசலில் இருந்தால் அது விற்கிற தராசு என்றுதான் கண்டிப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைப்பு. கலாராணி மனதுக்குள் ஒரு தட்டில் கராம்பையும் மறு தட்டில் அந்தக் கள்ளக் கல்லையும் வைத்துப் பார்த்தாள். விற்கும்போது கல் கனம் குறைந்தால் வாங்குகிறவனுக்கு நட்டம். கொள்முதல் செய்யும்போது கல் கனம் குறைந்தால்? அழகமுத்து இரண்டு கிலோவுக்குக் குறைவாகத்தான் கொடுப்பார், இரண்டு கிலோவுக்கான காசை வாங்கிக்கொண்டு போவார். நட்டம் முழுக்கக் கடைக்காரிக்கு.

ஃபாஸிலுக்கும் அது விளங்கிவிட்டது. "தன்ட பொக்கட்டுலயே கைய விட்டுக் களவெடுக்கிற ஆள நான் இண்டைக்குத்தான் பாக்கிறேன் மிஸ்."

"முறைப்பாட்ட எடுத்தது நீங்கதானே. அந்த ஆள் என்ன சொன்னார்?"

"வாசல் தராசுல பருப்பு நிறுத்துத் தந்தாங்க, வீட்ட போய்ப் பாத்தா குறையுது எண்டார். வாசல் தராசு, வாசல் தராசு எண்டு ரெண்டு மூணு தரம் சென்னார்."

"அந்தத் தராசில பருப்பே நிறுக்கிறதில்ல."

"அப்ப அவர் இந்தக் கடைல ஒரு நாளும் பருப்பு வாங்கல்ல" என்றான் ஃபாஸில். "நல்ல மனுஷன். வாங்காத பருப்புக்கும் முறைப்பாடு செய்றார்."

கலாராணி றுமைஸாவிடம் வந்தாள். "இந்தத் தராச எப்ப வாசலுக்குக் கொண்டு வந்தீங்க?"

"வாப்பா மௌத்தாகி, கட என்ட கைக்கு வந்த பிறகு."

"பூட்டு எதுவும் உடையல்ல. பின் கதவுப் பூட்டத் திறக்க எத்தன திறப்பு இருக்கு?"

"ஒண்டுதான்" என்றாள் றுமைஸா. சொல்லிவிட்டு மறுபடியும், "கையெழுத்து வெக்கிற கடதாசியத் தாங்க" என்றாள்.

அழகமுத்து பையைக் கீழே வைக்காமலே நின்றார். இந்தக் கடையும் மூடினால் அவர் எங்கே போவார் என்று கலாராணி கேட்டாள்.

"கெலிஓயாவுக்குத்தாங்க போவணும். அங்க எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே வெல. நல்ல கராம்புக்கும் அதே, நனைஞ்ச கராம்புக்கும் அதே. இந்தம்மா மட்டுந்தான் கைல எடுத்துப் பாத்து வெல சொல்லும். அதுக்காகவே எங்க லயத்து ஆளுக எல்லாம் இங்க வாறோம்."

"உங்க பைய இன்னிக்கு எனக்குத் தருவீங்களா? சாயங்காலம் கொண்டாந்து தாரேன்."

அழகமுத்து அவளுடைய அடையாள அட்டையை ஒரு தடவையும் முகத்தை இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்தார்.

காரியாலய வேனில் கெலிஓயாவுக்குப் போகிற வழியில் பேராதனைப் பக்கம் வாகனங்கள் நகரவே இல்லை. ஃபாஸில் தனக்குத் தெரிந்த பகிடியெல்லாம் சொல்லி முடித்தான். கலாராணி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பசிக்கவும் இல்லை, களைப்பாகவும் இல்லை.

கெலிஓயாவில் வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். முதல் கடை முதலாளி கைபேசியில் பல்லேகல கிரிக்கெட் மெட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். "கராம்பு எடுக்கிறீங்களா நானா?" என்று ஃபாஸில் பையைத் தூக்கிக் காட்டினான். மனிதர் தலையைத் தூக்காமலே ஒரு விலை சொன்னார். இரண்டாவது கடையில் பையை மேசையில் வைக்கவும் விடவில்லை, அதே விலை. மூன்றாவது கடைக்காரர் பல் குத்திக்கொண்டே அதே விலையைச் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் ஃபாஸில் பையைப் பிரித்து ஒரு கராம்பை எடுத்தான். "மிஸ், என்ட மாமா இந்தத் தொழில்தான். கராம்பு எண்டா முதல்ல கையைப் போட்டு அள்ளணும். மொட்ட நகத்தால அமத்திப் பாக்கணும், மணக்கணும், ஈரமா காஞ்சதா எண்டு பாத்து மூஞ்சச் சுளிக்கணும். பொறகுதான் வெல. இவங்க பைக்குள்ள கராம்பு ஈக்கிதா, கல்லு ஈக்கிதா எண்டே பாக்கல்ல."

"பாக்கத் தேவையில்ல. விலை வேற எங்கயோ ஏற்கனவே பேசி முடிஞ்சிருக்கு."

"யாவாரிகள் சங்கத்துலயா?"

"சங்கத் தலைவர் கடை எது?"

அது தெரு முனையில், தரைக்குப் புதிதாக ஓடு பதித்த பெரிய கடை. தலைவர் ரஸீன் ஹாஜியாருக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. பையோடு வந்த கலாராணியைத் தோட்டத்துப் பெண் என்று நினைத்துக் கதிரை இழுத்துப் போட்டார். அவரும் பையைத் திறக்காமல் விலையைச் சொன்னார். அதே விலை.

"நிறுத்துப் பாக்கலாங்களா?" என்றாள் கலாராணி.

அவர் பையை உள்ளே கொண்டுபோனார். பலகை மறைப்புக்குப் பின்னால் தராசு இருந்தது. இலக்கம் தெரிகிற பக்கம் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"நான் வாசிக்கிறேன் தானே, தங்கச்சி."

"வத்தேகமையில ஒரு கடைல வாசல்லயே தராசு வச்சிருக்காங்க. அங்கன்னா நாங்களே பாத்துக்குவோம்."

ரஸீன் ஹாஜியார் சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சிரித்தார். "அது பருப்பு, சீனி நிறுக்கிற தராசு. கொள்முதல் தராச வாசல்ல வெக்கிறதுக்கு அவங்களுக்கு என்ன பைத்தியமா? ரோட்டால போறவனெல்லாம் பாக்கத் தொடங்கினா எப்பிடி யாவாரம் செய்ற? வியாபாரம் தெரிஞ்ச ஆரும் அப்பிடிச் செய்ய மாட்டாங்க."

"அந்தக் கடை உங்களுக்குத் தெரியுங்களா?"

"எங்கட வாப்பாட கட. நான் பொறந்து வளந்ததே அங்கதான். இப்ப ராத்தா, எனக்கு மூத்தவ, நடத்துறா."

கலாராணி கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். ரஸீன் அதை நிதானமாக வாசித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கதிரையை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"ராத்தாட விஷயம் கேள்விப்பட்டேன். கவலைதான். என்ன கேக்கணும் எண்டாலும் அவவிட்டயே கேளுங்க மிஸ். எனக்கெதிரா அவட வாயால ஒரு சொல்லு வராது. உம்மா மௌத்தாகும்போது எனக்கு ரெண்டு வயசு. என்னத் தூக்கி வளத்தது அவதான்."

அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். கலாராணி பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேன் வரை ஃபாஸில் ஒன்றும் பேசவில்லை. அது அவன் வாழ்க்கையில் நடக்காத விஷயம்.

"என்ன?"

"அந்தக் குரல்தான் மிஸ். முறைப்பாடு சென்ன ஆள். அவர் வாயத் திறந்த உடனே எனக்குத் தெரிஞ்சி போச்சி."

கலாராணி கதவைச் சாத்தினாள். "வெளியாள் ஒருத்தன் செஞ்சிருந்தா, இந்தத் தராசு எதுக்குன்னு ஒரு நிமிஷம் நின்னு பாத்திருப்பான். இவருக்குப் பாக்கத் தோணல்ல. இந்தத் தொழில்ல கொள்முதல் தராசு எப்பவும் உள்ளதான். வாசல்ல இருந்தா அது சில்லறைத் தராசுதான்னு கண்ண மூடிக்கிட்டு நம்பிட்டார். பின் கதவால போயி, வாப்பா காலத்துத் திறப்பால திறந்து, ஈயத்தச் சுரண்டினார். அக்கா சனங்கள ஏமாத்துறதா நாங்க பிடிப்போம்னு நினைச்சார். நாங்களும் பிடிச்சோம்."

"அப்ப கேஸ் முடிஞ்சிது தானே."

"குரல நீதிமன்றம் ஏத்துக்காது. ஒரே விலைக்கு நாலு பேரும் ஒத்துப்போனது தற்செயல்னு சட்டத்தரணி சொல்லுவார். உள்ளுக்கிருந்து ஒருத்தர் சொல்லணும். திறப்பு யார்கிட்ட இருந்துச்சு, எல்லாரும் ஒரே விலை சொல்ற இந்த விலைக்கட்டுல சேரச் சொல்லி யார் வந்தாங்கன்னு."

"ஒருத்தர் எண்டா அந்த ராத்தா தானே. அவ கையெழுத்து வெக்கப் பேனையோட காத்துட்டு ஈக்கா. ஆனா நமக்கு வேண்டிய இடத்துல இல்ல."

அவர்கள் வத்தேகமைக்குத் திரும்பியபோது மழை இருட்டியிருந்தது. றுமைஸா காலையில் விட்ட கதிரையிலேயே இருந்தாள். அழகமுத்து தன் பையை வாங்கிக்கொண்டு, விலை கேட்காமலே போய்விட்டார்.

கலாராணி சுற்றி வளைக்கவில்லை. "உங்க தம்பியப் பாத்தோம்."

"தெரியும். போன் எடுத்துச் சென்னான்."

"அந்தக் கல்லில ஈயம் இல்லைன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

றுமைஸா கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அவன் சுரண்டின அடுத்த நாளே. எத்தின வருஷமாத் தூக்கிற கல்லு அது. கைக்குத் தெரியாதா?"

கலாராணி கதிரை ஒன்றை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டாள். ஃபாஸில் அவளைப் பார்த்தான், பிறகு கடைக்காரியைப் பார்த்தான்.

"தெரிஞ்சிக்கிட்டேவா அதால கராம்ப நிறுத்தீங்க?"

"நிறுத்தேன். கூடப் போன காசு தோட்டத்து ஆளுகளுக்குத்தானே போச்சி. புதுக் கல்லு எடுத்தா, பழசுக்கு என்ன எண்டு ஆராவது கேப்பாங்க. கேட்டா அவன்ட பேர் வெளிய வரும். நட்டத்த நான் தாங்கிக்கிறேன் எண்டு நெனச்சேன்."

"இப்ப கடையையும் தாங்கிக்கப் போறீங்களா?"

"கட போனா போகட்டும்" என்றாள் றுமைஸா. குரலில் துக்கம்கூட இல்லை. நாளை மின்சாரம் இருக்காது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

கலாராணிக்கு நெஞ்சுக்குள் என்னவோ சுட்டது. ரொம்ப நாளாக வராதது திரும்பி வந்ததால், அது கோபம் என்று பிடிபடவே அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ரஸீன் மேல் வந்த கோபம் மட்டும் அல்ல. எதிரில் இப்படி மரக்கட்டையாக உட்கார்ந்திருக்கிறவள் மேலும், அதே மாதிரி உட்கார்ந்திருந்த தன் மேலும் வந்த கோபம்.

"கேளுங்க. விக்கிற தராசில கள்ளக் கல் இருந்தா நீங்க குற்றவாளி. இது வாங்குற தராசு. இந்தக் கல்லால ஏமாந்த ஒரே ஆள் நீங்கதான். சட்டத்தில உங்க பேர் சந்தேக நபர்னு வரக்கூடாது, முறைப்பாட்டுக்காரர்னு வரணும். நீங்க வாயத் திறந்தா கடை மிஞ்சும். அந்த விலைக்கட்டும் உடையும். திறக்காட்டி திங்கட்கிழமை நீங்களே கூண்டில ஏறணும். அடுத்த வாரம் அழகமுத்து அந்தப் பலகைக்குப் பின்னால போயி அவர் வாசிக்கிற கணக்கக் கேட்டுட்டு வருவார்."

றுமைஸா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"விலைக்கட்டுல சேரச் சொல்லி என்னட்ட வந்தான், உண்மதான். ஏலாது எண்டேன். சங்கத்துக்காரங்க அவனப் போட்டு நெருக்கியிருப்பாங்க. அவன் தலைவராச்சே. கல்லச் சுரண்டினது அவன்தான், சரி. ஆனா ஒங்களுக்குப் போன்ல முறைப்பாடு சென்னது வேற ஆராவதாத்தான் ஈக்கும். என்னப் பிடிச்சிக் குடுக்கிற அளவுக்கு அவன் போக மாட்டான். இல்லையா?"

அவள் கலாராணியிடம் கேட்கவில்லை. ஃபாஸிலைப் பார்த்துக் கேட்டாள். கலாராணியும் அவனைப் பார்த்தாள். பொய் சொல்லாதே என்று யாரும் அவனைத் தடுக்கவில்லை, உண்மை சொல்லச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

"காரியாலயத்துல அந்தப் போனுக்குப் பதில் சென்னவன் நான்தான் ராத்தா" என்றான் ஃபாஸில். "கதச்சது ஒங்கட தம்பிதான். குரல இண்டைக்குக் கேட்டேன்."

"என்ன கதச்சான்?"

"பருப்பு குறைஞ்சத சென்னார். பொறகு, அந்தப் பொம்பளய மறியல்ல அடைப்பாங்களா எண்டு கேட்டார். நான் இல்ல எண்டேன். முதல் தடவையெண்டா தண்டப் பணம்தான், அனுமதிப் பத்திரம் போகும் எண்டேன்."

"அதுக்கு?"

ஃபாஸில் தொண்டையைச் செருமினான். "'அவ்வளவுதானா' எண்டு, போதாத மாதிரிக் கேட்டார்."

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது. றுமைஸா தலைத் துண்டை இழுத்துச் சரிசெய்தாள். அழவில்லை. கதிரை நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து, முதுகு சாயும்படி நன்றாக உட்கார்ந்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

கலாராணி புதுக் கடதாசி ஒன்றை எடுத்தாள். பெயர் கேட்டாள், விலாசம் கேட்டாள். றுமைஸா சொல்லச் சொல்ல எழுதினாள். பின் கதவுக்கு இரண்டு திறப்பு என்றும், மற்றது யாரிடம் இருந்தது என்றும், விலைக்கட்டில் சேரச் சொல்லி யார், எந்தப் பெருநாளுக்கு முன்னால் வந்தார்கள் என்றும் றுமைஸா ஒன்றையும் விடாமல் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சந்தேக நபர் உங்களுக்கு என்ன முறை?"

"அதும் எழுதணுமா?"

"எழுதணும்."

றுமைஸா வாசலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். இரண்டு வயதிலிருந்து அவளுடைய இடுப்பிலேயே வளர்ந்த ஒருத்தனுக்கு அந்த இடத்தில் எழுத ஒரே ஒரு சொல்தான் உண்டு என்று ஃபாஸில் நினைத்தான்.

"போட்டி யாவாரி எண்டு போடுங்க" என்றாள் றுமைஸா.

கலாராணி அப்படியே எழுதிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.